அலகில்லாத பிடிகள்

ஷெஃபீல்டு,
சனிக்கிழமை, மத்தியானம்

என் கண்ணு அலிசனுக்கு,

அம்மா எழுதறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைங்களும் அந்த பெர்த் வெயில்ல நல்லபடியா இருப்பீங்கன்னு நம்பறேன். இங்க எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசுக்கும் ஒண்ணுமில்ல, அதுதான் கொஞ்சம் விசித்திரமா இருக்கு. இதையெல்லாம் போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நீ அழுதுடுவ, நீ அழுதா நானும் அழணும், எனக்கு அழுகை வரமாட்டேங்குது, அப்புறம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருப்போம், அதுக்கு எதுக்கு போன். அதனால ஒரு டீ போட்டுக்கிட்டு உக்காந்து நிதானமா படி. இங்க விடாத மழை, கொல்லைச் சுவர் பாதி சரிஞ்சு பக்கத்து வீட்டு ஆக்ஸ்லி அம்மாவோட ரோஜாச் செடி மேல விழுந்து கிடக்கு, அந்தம்மா முட்டி ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறதால இன்னும் பார்க்கல, பார்த்ததும் எனக்கு இருக்கு. உன் சித்தி பொண்ணு ட்ரேஸி மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப் போறாளாம், பழைய கேக் பாத்திரத்தைக் கேட்டு ஆள் அனுப்பினா, குடுத்துட்டேன்.

இனி உங்கப்பா சேதி. அன்னைக்குக் கறி வெட்டற கத்தியோட சமையல்கட்டுல நின்னுக்கிட்டு என்னையே யாருன்னு கேட்டார்னு போன்ல உளறிட்டேன், நீ பதறிப்போய் வீட்டுல இருக்கற கத்தியை எல்லாம் தூக்கிப் போடும்மான்னு சொன்ன. அவர் வெட்ட வரலடி. பிடியைக் காட்ட வந்தார், மான் கொம்பும்மா இது, தொட்டுப் பாருங்க, ஈரக் கையிலகூட நிக்கும்னு பெருமையடிக்க வந்தார், அவ்வளவுதான். அப்புறம் தூக்கிப் போடுன்னா எங்க தூக்கிப் போட? இழுப்பறை பூரா கத்தி, கட்டிலடியில கத்தி, பியானோ ஸ்டூலுக்குள்ள கத்தி. உனக்குத் தெரியாததா, ஞாயித்துக்கிழமை சந்தை ஒண்ணு விடாம அலைஞ்சு, பிடி வெடிச்சது, பிடியே போனதுன்னு பொறுக்கிப் பொறுக்கி வாங்கிட்டு வந்து, நல்ல அலகுக்குத் தந்தப்பிடியோ கொம்புப்பிடியோ தேடிப்பிடிச்சுப் போடுவார், உன் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டார். தந்தத்தை விக்கக் கூடாதுன்னு இப்ப சட்டம் வேற, சும்மா குடுக்கலாமாம், உனக்கு அனுப்பினா உங்க ஊர் சுங்கத்துல பிடிச்சு வச்சுக்குவான். அவருக்கு மத்ததெல்லாம் போச்சு, கை வேலை மட்டும் நிக்குது. நேத்து போட்ட பிடியை இன்னைக்குக் கழட்டுவார், மறுபடி அதையே போடுவார். நான் பக்கத்துல உக்காந்து டீ குடிப்பேன். எங்க பொழுது இப்படித்தான் போயிட்டிருந்துது.

அவர் வீட்டுலயே இருக்கலாமா, இல்ல முதியோர் இல்லத்துல சேர்க்கணுமான்னு பார்த்து முடிவு சொல்ல நகராட்சியிலேர்ந்து ஹன்னான்னு ஒரு பொண்ணு வியாழக்கிழமை வர்றதா இருந்துது. எனக்கு அவர் இங்கயே இருக்கணும். அன்பான்னு கேக்காதே, இப்ப எனக்கே தெரியல, மேஜையில ரெண்டு கோப்பை இருந்து பழகிப்போச்சு. கத்தி கூரா இருந்தாத்தானே ஆபத்துன்னு சொல்வாங்க, மழுங்க வச்சுட்டா அந்தப் பொண்ணுகிட்ட தைரியமா எடுத்துக் காட்டலாமேன்னு ஒரு புத்தி போச்சு எனக்கு. கிளிஃப்பைக் கூப்பிட்டேன், உங்கப்பாவோட சந்தைக் கூட்டாளி, சாணை பிடிக்கறவரா இருந்தாரே அவர்தான். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. பெரில், என் நாயைக் கொண்டுபோய் ஆத்துல அமுக்கச் சொல்லு, செய்யறேன், இதை மட்டும் என்கிட்ட கேக்காதேன்னார். நான் உன் கூட்டாளி டெனிஸ் இங்க இருக்கறதா போறதான்னு கேட்டேன். அதுக்கப்புறம் இரவல் வாங்கற மாதிரி ஒவ்வொரு பெட்டியா எடுத்துட்டுப் போனார், எல்லாத்தையும் மழுங்கடிச்சு வாசல்ல வச்சுட்டு உள்ள வராமலே போயிட்டார். கிளிஃப் நம்ம வீட்டுல டீ வேண்டாம்னு சொன்னது அன்னைக்குத்தான்.

திங்கக்கிழமை காலையில உங்கப்பா ஒரு கத்தியைத் துடைச்சுட்டு வழக்கம்போல கட்டைவிரலை வச்சுப் பார்த்தார். அப்படியே நின்னுட்டார். அந்த மான் கொம்புப் பேச்சுக்கப்புறம் வாரக்கணக்கா முழுசா ஒரு வாக்கியம் பேசாத மனுஷன், எந்தப் படுபாவிடா இதைச் செஞ்சான், அவன் கையில கட்டை முளைக்கன்னு ஒரே கத்து. அப்புறம் என்னைப் பார்த்ததும் குரலைத் தணிச்சுக்கிட்டு, தப்பா எடுத்துக்காதீங்கம்மா, என் வீட்டுக்காரி பெரில் வந்து பார்த்தா மனசு ஒடிஞ்சு போவா, அவ ஆட்டுத் தொடை அறுக்கற கத்தி இதுன்னார். அவளுக்கு விரல் கணுவெல்லாம் வீங்கிக் கிடக்கு, கொழுப்புக் கையில தந்தம் வழுக்குது, அதனாலதான் தந்தத்தை எடுத்துட்டுக் கொம்பு போட்டேன், அவகிட்ட சொல்லல, சொன்னா என்னைக் கிழவிங்கறியான்னு சண்டைக்கு வருவாங்கறார். வந்திருப்பேன்தான். எங்கயோ அழகா ஒரு கொம்புத் துண்டு கிடைச்சுது, ஆசைக்கு மாட்டியிருக்கார்னு இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த இடத்துல நான் அழுதிருக்கணும் அலிசன். இன்னொரு டீ வேணுமான்னு கேட்டேன்.

அப்புறம் அவர் சாணைக்கல்லையும் எண்ணெயையும் எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தார். கல்லை நான் ஒளிச்சு வச்சிருக்கலாம், வைக்கல. வியாழன் வரைக்கும் ஊட்டிவிடாமத் தானே சாப்பிட்டார், ராத்திரி எழுந்திருக்கல, வீட்டுக்குப் போகணும் வீட்டுக்குப் போகணும்னு ஒரு தடவைகூடக் கேக்கல. கிளிஃப் கெடுத்ததை அத்தனையும் சரி பண்ணிட்டார். ஹன்னா வந்தப்ப மேஜை மேல கல்யாணப் பந்தி மாதிரி வரிசையா கத்தி. வாம்மா, உக்காருன்னு உபசாரம் வேற. நியூஸ்பேப்பர் தாளைக் கூர் மேல சும்மா விட்டுக் காட்டினார், ரெண்டா போச்சு. முழங்கை முடியைச் சிரைச்சுக் காட்டினார். உன் கையை நீட்டும்மான்னதும் அந்தப் பொண்ணு நாற்காலியோட பின்னால போச்சு. எனக்குச் சிரிப்பு வந்துது, அடக்கிக்கிட்டேன். நல்ல பொண்ணு, அதைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. கடைசியா என்னைக் காட்டி இவங்க யாருன்னு அவரைக் கேட்டுது. அவர் என்னை ரொம்பப் பிரியமாத்தான் பார்த்தார். நல்ல பொம்பளைம்மா, டீ நல்லா போடும், பெரில் வர்ற வரைக்கும் துணைக்கு இருக்குன்னார்.

அதோட முடிஞ்சுது. நாளைக் கழிச்சுத் திங்கக்கிழமை அவரை மேட்டுத் தெரு இல்லத்துல விடறேன், இங்கேருந்து டிராம்ல போயிடலாம். சுத்தமா இருக்கு, ஜன்னல்ல மலை தெரியுது, சமையல் வாசனைதான் கொஞ்சம் முட்டைக்கோஸ். கத்தி கூடவே கூடாதாம், ஆனா கைக்கு எதாவது வேலை இருந்தா கொண்டு வரலாம்னு ஹன்னா சொல்லுது.

அதனால இன்னைக்குக் காலையில பிடிகளை மட்டும் கழட்டினேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து திட்டு வாங்கியிருக்கேன், கத்தி கழுவறப்ப ஜாடித் தண்ணியில அலகு மட்டும்தான் நிக்கணும், சூடா இருக்கக் கூடாது, சூடு ஏறினா உள்ள இருக்கற பிசின் இளகிப் பிடி கையோட வந்துடும்னு. இன்னைக்கு அந்தக் கூடாததையேதான் செஞ்சேன். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி அலகை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, துணியால பிடிச்சுத் திருகி இழுத்தேன். தந்தம் சொன்னபடி கேட்டுது, கொம்புதான் மல்லுக்கட்டுச்சு, விரல்ல லேசா ஒரு கீறல், பயப்படாதே. அலகையெல்லாம் பேப்பர்ல சுத்திக் கிளிஃப்புக்கு எடுத்து வச்சிருக்கேன். பிடி கழண்டு வராம ஆணி அடிச்ச மடக்குக் கத்திகளையும் அவரே எடுத்துக்குவார்.

கடைசிப் பிடியை இழுத்துக்கிட்டிருக்கறப்ப உங்கப்பா பின்னால வந்து நின்னார். கத்தப் போறார்னு நினைச்சேன். கத்தல. ஒரு தந்தப்பிடியை எடுத்து ஓட்டைக்குள்ள ஊதி, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லையே, யாரும்மா உங்களுக்கு இந்த வேலை சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டார். என் வீட்டுக்காரர்னு சொன்னேன். கைதேர்ந்தவர்தான், இருக்காரா இன்னும்னார். இருக்கார்னேன். அப்ப அவரைப் பக்கத்துலயே வச்சுப் பார்த்துக்கங்கம்மா, இந்த மாதிரி ஆளு கிடைக்காதுன்னு சொல்லிட்டு, துண்டை எடுத்து ஒவ்வொரு பிடியா ஈரம் துடைக்க ஆரம்பிச்சார். சரிங்க, பார்த்துக்கறேன்னு சொன்னேன் அலிசன். சொல்லிட்டு உள்ள போய் அவர் சட்டைகளைப் பெட்டியில அடுக்கினேன்.

பிள்ளைங்களுக்கு என் முத்தம். கடவுள் உங்க நாலு பேரையும் குறையில்லாம வச்சிருக்கட்டும், நீ வெயில்ல தொப்பி இல்லாம அலையாதே. டிக்கெட் இப்பவே போடாதே, நான் சொல்றேன். ஒண்ணு மட்டும் மறந்துடாதே, இல்லத்துக்குப் போன் பண்ணினா அப்பா, என்னைத் தெரியுதான்னு கேட்டுடாதே, எந்தப் பிடி கையில வச்சிருக்கீங்கன்னு கேளு, நல்லா பேசுவார்.

உன் அம்மா,
பெரில்