ஷெட்டுக்கு வெளியே தொங்கும் லாந்தர்

தேவிகுளம் மலை,
மார்கழி மாதம்.

கோம்பையில் இருக்கும் மொக்கம்மாளுக்கு உன் வீட்டுக்காரன் ராக்கையா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நான் காவல் பார்க்கும் லாரி ஷெட்டில் பனியில் உடம்பு விறைக்கிறது. பெட்ரோல் இருப்பதால் குளிருக்குக்கூட நெருப்பு மூட்டக் கூடாது. அங்கே இருட்டில் ரிப்பேர் பார்க்க எஸ்டேட் கிளார்க்கு ஒரு பெட்ரோமாக்ஸ் வாங்கி வந்தார்.

"குளிரில் அது லேசில் பற்றாது, பற்றினால் குப்பென்று எரியும். உள்ளே வேண்டாம்" என்றேன்.

"பெருசு எந்தக் காலேஜில் படிச்சீரு?" என்று சிரித்துவிட்டு அவரே ஏற்றினார். தீ ஆளுயரம் எழும்பியது. தூக்கி வெளியே எறிந்தேன். மீசை ஒரு பக்கம் பொசுங்கியதோடு சரி, பயப்படாதே.

இப்போது ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே அரிக்கேன் லாந்தர் தொங்கவிடுகிறேன். அந்த வெளிச்சம் போதும். ஆனால் விளக்கை வேண்டுமென்றே உடைத்தேன் என்று கிளார்க்கு எஸ்டேட் துரையிடம் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை விசாரணை. புது பெட்ரோமாக்ஸை உள்ளே ஏற்றச் சம்மதித்தால்தான் வேலையாம். நான் சம்மதிக்கமாட்டேன்.

கடிதம் கொண்டுவரும் டிரைவர் ஷரீப் நாளையே திரும்புகிறார். அவரிடம் நல்லெண்ணெய் கொடுத்துவிடு. தேங்காயெண்ணெய் இங்கன கல்லாக உறைகிறது. கேப்பை மாவும் வேண்டும். கடையில் வாங்காதே, நீயே திரித்துக் கொடு.

ஷரீப் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். புதன்கிழமை ராத்திரி உலையில் எனக்கும் சேர்த்து அரிசி போடு. நான் வராவிட்டால் வேலை நிலைத்தது என்று தெரிந்துகொள்.

ராக்கையா