என்ட்விசில் என்ன கூட்டம்

பேர்லேண்ட், டெக்சாஸ்
26-9-2007, புதன்

அன்புக் கண்ணு ரோஷினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, மதன், உன் அண்ணி, குழந்தைகள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே பிளசன்டனில் நீயும் டேவிட்டும் அப்படியே இருக்க மீனாட்சியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இந்த ஊரில் கோயில் ஒன்றுதான் எனக்கு ஆறுதல், அதற்கும் மதன் காரை எடுத்தால்தான் உண்டு. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் ஹாலில் இருக்கிறது, போனுக்குப் பக்கத்தில் அப்பா இருக்கிறார். வாசல் தபால் பெட்டியில் போடலாம் என்றால் உள்ளே கடிதம் இருக்கிறது என்று சிவப்புக் கொடியைத் தூக்கி வைக்க வேண்டுமாம், தண்டோரா போடுகிற மாதிரி. அதனால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். புதன்கிழமை மதனின் பெரியவளுக்கு இங்கே கதை சொல்கிறார்கள், அண்ணி கைக்குழந்தையோடு அவளுக்குத் துணையாக உள்ளே இருக்கிற முக்கால் மணி நேரம்தான் எனக்கு வாரம் முழுவதற்கும் சொந்தமான நேரம். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ ஜூலையில் டேவிட்டைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று அப்பா போனை வைத்துவிட்டு, அவன் என்ன கூட்டம்னு கேட்டுச் சொல்லச் சொல்லு உன்ற மகளை, அப்பறம் பேசிக்கலாம் என்றார். வெள்ளைக்காரனுக்கு நம்மைப் போலக் குலமும் கூட்டமும் எங்கே இருக்கப்போகிறது, இதோடு பேச்சு முடிந்தது என்பது அவர் நினைப்பு. எனக்கு வந்தது கோபம். முப்பத்தோரு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவள் நான். ஒரு சென்ட் நிலம் வாங்குகிறவனுக்கே பழைய பதிவேடு அத்தனையும் புரட்டியவள், பெண்ணைக் கொடுக்கிற இடத்துக்குப் பார்க்க மாட்டேனா. இந்த நூலகத்தில் டோரிஸ் என்று ஒரு அம்மாள் இருக்கிறாள், என் வயதுதான், என் இங்கிலீஷைக் கேட்டு அவசரப்படுத்தாத மனுஷி. என்ட்விசில் என்கிற டேவிட்டின் குடும்பப் பெயரை எழுதிக் காட்டி இதற்கு மூலம் என்ன என்று கேட்டேன். இங்கிலீஷ்காரர்களின் குடும்பப் பெயர்களுக்கென்றே ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது கண்ணு, அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வட இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் போல்ட்டனுக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற ஒரு சின்னக் கிராமத்தின் பெயராம் அது. நீர்ப்பறவைகள் திரிகிற, ஆறு இரண்டாகப் பிரிகிற இடம் என்று அர்த்தம். அந்த இடத்தில் இருந்தது வாத்தா நீர்க்கோழியா என்பதில் மட்டும் புத்தகம் எழுதினவருக்கே நிச்சயமில்லை. அந்தப் பக்கத்தில்தான் இந்தப் பெயர்க்காரர்கள் அதிகம், அமெரிக்காவில் லட்சத்தில் ஒருவருக்குக்கூட இல்லை என்றாள். டெலிபோன் புத்தகத்தையும் திறந்து காட்டினாள், ஸ்மித் பக்கம் பக்கமாக ஓடுகிறது, என்ட்விசில் இரண்டே வரி.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், ஏனுங்க, நாம காடை கூட்டம், அவங்க நீர்க்கோழி, முறைக்குக் குறுக்க ஒண்ணுமில்லீங்க என்றேன். அவர் சிரித்துவிட்டார். ரெண்டு மாதத்தில் முதல் சிரிப்பு. விசில் வீட்டுச் சம்பந்தமா, தாலி கட்டறப்ப நாயனத்துக்குப் பதிலா அதையே ஊதிக்கலாம் என்று கேலி வேறு. சாயங்காலம் டீ குடிக்கும்போது, அந்தப் பையன் காரம் தின்பானா என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டால் பாதி சம்மதம் என்று உனக்கே தெரியும். ஹில்கிராஃப்டில் இருக்கிற இந்தியக் கடைக்குப் போனபோது உனக்கு ஒரு அரக்குப் பட்டுப் புடவைகூட எடுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதோடு நான் நின்றிருக்கலாம். தாய்வழியும் பார்க்காமல் சான்று கொடுக்கக் கூடாது என்று என் கெட்ட புத்தி. அப்பா மதனோடு கோயிலுக்குப் போயிருந்த நேரம் உனக்குப் போன் பண்ணி, டேவிட்டின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே, அவங்களும் என்ட்விசில்தாம்மா, வேற ஃபேமிலி, காலேஜ்ல அட்டென்டன்ஸ்ல ஒரே நேம் வந்ததாலதான் மீட் பண்ணாங்க, சோ ஸ்வீட் இல்ல என்றாய். எனக்கும் ஒரு நிமிடம் உடம்பு கூசியது, பொய் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே ஹாஸ்டலில் வளர்ந்த உனக்கு அது உறைக்காது. நம் பக்கத்தில் ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தங்கை முறை, எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் கட்டக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஒரு விவரத்தை மறைத்துச் சான்று கொடுத்துப் பழக்கமில்லாத ஜென்மம், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அண்ணந் தங்கச்சி கட்டிக்கிட்ட வீட்டுலயா பொண்ணக் குடுக்கச் சொல்ற என்றவர்தான், அப்புறம் உன் பெயரையே எடுக்கவில்லை. மறுநாளே மதனிடம் சொல்லி நாங்கள் ஊருக்குத் திரும்புகிற நவம்பர் டிக்கெட்டை அக்டோபர் 18-க்கு மாற்றிவிட்டார். உன் கல்யாணம் இருபதாம் தேதி. இரண்டு பாஸ்போர்ட்டும் அவர் பெட்டியில், சாவி அவர் சட்டைப் பையில்.

போன வாரம் டோரிஸிடம் மறுபடி கேட்டேன். அவள் நிதானமாகப் படித்துச் சொன்னாள். இது ரத்தத்தால் வந்த பெயர் இல்லையாம். ஊருக்குள்ளேயே இருக்கிறவனை ஊர்ப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, ஊரை விட்டு வெளியே போய் அடுத்த ஊரில் குடியேறினவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், வெவ்வேறு காலத்தில் கிளம்பின வெவ்வேறு குடும்பங்களுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றாள். கூட்டத்தோடு ஒப்பிட்டது என் தப்புதான் கண்ணு. நான் போட்ட முடிச்சு, என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. அப்பாவிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். மதனைக் கேட்டால், இது அப்பா இஷ்யூ, நான் இன்வால்வ் ஆக மாட்டேம்மா, ஆபீஸ் டென்ஷனே போதும் என்கிறான்.

இதில் ஒரு வேடிக்கை. விசா பாரத்தில் கடைசிப் பெயர் கேட்டார்கள் என்று நாம் எழுதிக் கொடுத்த அப்பா பெயர்தான் இங்கே நம் எல்லோருக்கும் குடும்பப் பெயர். பெரியவளின் பள்ளிக்கூடப் பையில் திருமூர்த்தி என்று இருக்கிறது, டோரிஸுக்கு நான் மிசஸ் திருமூர்த்தி. டெலிபோன் புத்தகத்தில் அதையும் தேடினேன். ஒரே வரி, உன் அண்ணன். என்ட்விசிலைவிட அபூர்வமான பெயரை வைத்துக்கொண்டுதான் உன் அப்பா அவர்களிடம் கூட்டம் கேட்கிறார்.

நீ நேரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாய். வராதே. பச்சை உடம்புக்காரி இருக்கிற வீட்டில் ரகளை வேண்டாம். கல்யாணத்துக்குப் போனா அப்படியே போயிரு என்று அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார், சொன்னால் செய்கிறவர். அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது. இதெல்லாம் காரணம்தான், ஆனால் உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். சாயங்காலம் நடக்கப் போனால் நான்கு தெருவும் ஒரு செயற்கைக் குளமும், அதைத் தாண்டினால் ஃப்ரீவே. அங்கேயே நின்று கார்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சம்பளம் வாங்கின காலத்திலேயே அவரை எதிர்த்து ஒரு ஊருக்குப் போனதில்லை. அறுபத்திரண்டு வயதில் எங்கிருந்து தைரியம் வரும்.

அம்மா இல்லாமல் கல்யாணம் இல்லை, தள்ளி வைத்துவிடுகிறேன் என்று போன தடவை நீ அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதமே. தள்ளி வைக்காதே அம்மணி. ஒரு தடவை தள்ளினால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று ஆகும், அப்புறம் தேதியே கிடைக்காது. என்னால் நகர முடியவில்லை என்பதற்காக நீயும் நின்றுவிட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டுக் கிளறியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாக டேவிட்டின் அம்மாவிடம் சொல். அவர்களையே தாலியை எடுத்துக் கொடுக்கச் சொல், எனக்கு முழுச் சம்மதம். டேவிட்டை நாலு பேர் முன்னால் கேலி பண்ணாதே, உன் வாய் எனக்குத் தெரியும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. பெயரை மாற்றுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்காதே, உன் இஷ்டம். இதற்குப் பதிலை இந்த வீட்டுக்கு எழுதாதே.

கதை முடிந்து பிள்ளைகள் வெளியே வருகிற சத்தம் கேட்கிறது. டோரிஸ் ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுவிடுகிறேன் என்றிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் பிள்ளைகுட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நீ தாலி கட்டிக்கொள்கிற நேரத்தில் நாங்கள் விமானம் இறங்கி, நம் ஊர் உடுமலைக்குப் போகிற ரயிலில் இருப்போம். கையில் ஒரு பிடி அட்சதை வைத்திருப்பேன். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நின்று, அவர் பார்க்கப் பார்க்கத் தூவுவேன். அதற்கு மட்டும் பயப்பட மாட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
பவளம்