காம்பராவில் கட்டிய தொட்டில்

மார்ச் 6, வெள்ளி. பதுளை.

பார்க்க வருபவர்கள் மண்சரிவின் பயத்தை உணர வேண்டுமென்று கண்காட்சி மண்டபத்துக்குள் ஒரு லயக் காம்பரா, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒற்றை அறை, கட்டியிருக்கிறேன். உள்ளே கால் வைத்தால் ஒலிபெருக்கியில் மழை இரையும், தரை அதிரும். மூலையில் ஒரு சேலைத் தொட்டில், சும்மா அழகுக்கு.

இன்று ஒத்திகை. தரை அதிர்ந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டே வெளியே ஓடினார்கள். லுணுகலைத் தோட்டத்திலிருந்து மண்டபம் கூட்ட வரும் செல்வி அக்கா மட்டும் உள்ளே ஓடினார். தொட்டிலுக்குள் கையை விட்டுத் துழாவினார்.

"புள்ள எங்கங்க?"

ஏற்பாட்டாளர் வந்து என் தோளில் தட்டினார்.

"இதுதாங்க வேணும். தொட்டில அவுத்துறாதீங்க."

தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன்?

திங்கட்கிழமை திறப்பு. தினமும் காலையில் அந்தக் காம்பராவைக் கூட்டப்போவது அக்காதான்.