என் பக்கத்து நியாயம்

ஆகஸ்ட் 11
ஐயரிடம் பேசி முடித்துவிட்டு வந்தான் என் தம்பி இளவரசு. அனுப்பிரியா கல்யாணத்தில் அவனும் அவன் பெண்டாட்டி மாலதியும்தான் தாரை வார்ப்பார்களாம். புருஷன் செத்தவள் மணவறை ஏறக்கூடாதாம். அண்ணாமலை நகர் விடுதிப் பிள்ளைகளுக்கு இட்லி அவித்து விற்று அவளைப் படிக்க வைத்த கை இது. என் மகள் கையில் தண்ணீர் விட இந்தக் கை ஆகாதா?

ஆகஸ்ட் 13
இளவரசுவிடம் கத்தினேன். "ஒம் பக்கம் நியாயம் இருக்குக்கா. ஆனா நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றான். அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாடா என்றேன். கடலூருக்குப் பஸ் ஏறிவிட்டான்.

ஆகஸ்ட் 16
நெல்லிக்குப்பம் போனேன். வைத்திலிங்கம் மாமா சொன்னால் இளவரசு தட்டமாட்டான். முழுக்கக் கேட்டார். "நீ கேக்குறது நூத்துக்கு நூறு நியாயம்மா" என்றார். அப்பாடா என்றிருந்தது. "ஆனா இந்த ஒரு தடவ உட்டுக் குடுத்துடு."

இந்த ஒரு தடவையா! எனக்கு இருப்பது ஒரே மகள். அடுத்த தடவை எங்கிருந்து வரும்?

தப்பு என்று சொன்னாலாவது சண்டை போடலாம். நியாயம் என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்துகிறவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிந்துகொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17
மாலதியும் அதையேதான் சொல்றா. போன வச்சுட்டேன்.

ஆகஸ்ட் 21
அனுப்பிரியாவிடம் சொல்லி அழுதேன். குனிந்த தலை நிமிராமல் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். நியாயம் என்று ஊரே சொன்ன அந்த வார்த்தையைக்கூட இவள் சொல்லவில்லை. "மாப்ள வூட்டுக்குப் பயமாடி? பேசேன்டி!" என்றேன். "மாவு பொங்கிடும்மா, பெரிய பாத்திரம் எடு" என்றாள். பெரிய பாத்திரத்தை எடுத்து அவள் முன்னால் டங்கென்று வைத்தேன்.

செப்டம்பர் 4
மண்டபத்துக்கு வந்தாயிற்று. நாளைக்குக் கடைசி வரிசையில்தான் உட்காரப்போகிறேன். அதையும் எவனாவது நியாயம்னு சொல்லட்டும், அப்ப இருக்கு.

செப்டம்பர் 6
நேற்று எழுத முடியவில்லை. தாரை வார்க்க ஐயர் கூப்பிட்டார். இளவரசுவும் மாலதியும் எழுந்து நின்றார்கள். அனுப்பிரியா கையை நீட்டவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள். ஐயர் மறுபடியும் சொன்னார்.

"எங்கம்மா வரட்டும்" என்றாள்.

மாப்பிள்ளை அன்பரசு அவளைப் பார்த்தார். நீட்டிய கையை அவரும் மடக்கிக்கொண்டார். மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. நடந்தேனா ஓடினேனா தெரியவில்லை. போன வேகத்தில் பாதித் தண்ணீர் என் புடவையிலேயே கொட்டிவிட்டது. மீதி அவர்கள் கையில் விழுந்தது.

இளவரசு சாப்பிடாமலே போய்விட்டான். இன்று காலை போனில் கத்தினான்: "சபையில எழுப்பி நிக்க வச்சு அவமானப்படுத்திட்டீங்க. எம் பக்கத்து நியாயத்த யாராவது யோசிச்சீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருக்கட்டும்.