மீனம் மட்டும் மறுபக்கத்தில்

அக்டோபர் 6, 1959. செவ்வாய்

வெயில். காற்று சுத்தமாக இல்லை. கொடியில் போட்ட வெள்ளைப் புடவை அசையாமல் தொங்குகிறது.

தபால் வந்தது. தம்பி சுல்தான் ஜன்னல் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டான். கடல் துணைவன், அக்டோபர் இதழ். மேல்விலாசம் இன்னும் என் வீட்டுக்காரர் அவர்கள் பெயரில்தான். ஜனாப் செய்யது மரைக்காயர், கோட்டைப்பட்டினம். அவர்கள் மவுத்தான சேதியைப் பத்திரிகைக்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று ஜூலையிலிருந்து நினைக்கிறேன். கார்டு வாங்கி அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எழுதவில்லை.

கணவனை இழந்தவள் இத்தா இருக்கிற நாலு மாதமும் பத்து நாளும் முடிகிறவரை வாசலைத் தாண்டக் கூடாது. பொழுது போக வேண்டுமே. பத்திரிகையைப் புரட்டிப் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

க.து. - மாறியவை:

அளவு. பாதியாகிவிட்டது. முன்பு மடியில் விரித்தால் முழங்கால் மறையும். இப்போது ஒரு கையில் அடங்குகிறது.

அட்டை. முன்பு ஒரு மீன், அதன் பெயர், எந்த மாதத்தில் எந்த ஆழத்தில் கிடைக்கும் என்பது. இப்போது ஒரு நடிகை. வத்தையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். படம் எடுத்தவன், அச்சடித்தவன், ஒருத்தன் கண்ணிலும் படவில்லை.

வலைக்கண் அளவு, நூல் விலை. இல்லை.

ஊர்வாரியாகக் கருவாட்டு விலை. இல்லை.

தொடர்கதை. புதிது. கடல்கன்னி ஒருத்தி கலெக்டர் மகனைக் காதலிக்கிறாள். எங்கே குடித்தனம் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

சமையல். சுறாப்புட்டு. படத்தில் இருப்பது குளத்துக் கெண்டை.

காற்றுப் பக்கம். இல்லை.

ஆசிரியர் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார், 'வாசகப் பெருமக்களின் விருப்பத்திற்கு இணங்க' என்று. நானும் வாசகப் பெருமக்களில் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை.

கோபம் வர வேண்டும். வரவில்லை. அரிசி களைந்தேன்.


அக்டோபர் 7, புதன்

அதே வெயில். வாங்கச் சொல்ல வேண்டியது: சீயக்காய், மண்ணெண்ணெய், கல் உப்பு.

காற்றுப் பக்கம் அவர்கள் எழுதியது. எழுதியது என்றால், சொன்னது. அவர்களுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத வராது. நான் எட்டாம் வகுப்பு. மாதா மாதம் கடைசி வாரம், கரையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஒவ்வொரு வரிக்கும் 'எழுதிட்டியா?' என்று கேட்பார்கள். 'எழுதிட்டேன்' என்று சொல்லாவிட்டால் அடுத்த வரி வராது. வாடை எப்போது திரும்பும், எந்தப் பிறைக்கு நீரோட்டம் எப்படி, வத்தையை எப்போது கரையேற்ற வேண்டும். எல்லாம் என் கையெழுத்தில் போனது. கடைசிப் பக்கம் முழுக்க அவர்களுடையது. ஊரில் யாருக்கும் க.து. என்றால் அந்தக் கடைசிப் பக்கம்தான். நான் பார்த்து முடித்ததும் சுல்தான் எடுத்துக்கொண்டு போவான். டீக்கடையில் காதர் பாய் உரக்க வாசிப்பார்.

ஜூலைக்குப் பிறகு நான் ஒன்றும் அனுப்பவில்லை. பத்திரிகைக்காரர்களும் ஏன் என்று கேட்கவில்லை. சென்ற வருஷம் செப்டம்பருக்கு அனுப்பியதையே எடுத்து இந்தச் செப்டம்பரில் திரும்பப் போட்டார்கள். ஒரு வருஷத்தில் பிறை முன்னால் நகர்ந்துவிடும் என்றுகூட யோசிக்கவில்லை. சுல்தானுக்கு ஒரே சந்தோஷம். "மச்சான் மவுத்துக்கு முன்னாடியே சொல்லி வச்சுட்டுப் போயிருக்காக பாரு, இன்னும் வருது" என்றான். அவனுக்கு எழுத்து தெரியாது. அது பழசு என்று நான் திருத்தவில்லை. சொல்வதற்கு வாய் திறக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு சுபைதா மாமி வந்தார்.

"ஒரு பாட்டம் அழுதுரு ஆத்தா. உள்ளுக்குள்ளயே போட்டு வச்சிருந்தா நெஞ்சடைச்சுக்கும்."

"ம்."

"என்னத்த ம்? வந்ததுலேருந்து ம், ம்னுகிட்டு." பத்திரிகையைத் தூக்கிப் பார்த்தார். "முந்தியாச்சும் அலமாரிக்கு விரிக்கலாம். இது சின்னப்புள்ள துண்டு கணக்கா இருக்கு."

மாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இதுவரை வந்த விமர்சனத்தில் இதுதான் சரி.

சுல்தான் வந்து பத்திரிகையை டீக்கடைக்கு எடுத்துப் போனான்.


அக்டோபர் 8, வியாழன்

புழுக்கம். இலை அசையவில்லை. மாலையில் வடகிழக்கே கொஞ்சம் மேகம், மதில் மேலாகத் தெரிந்தது.

மத்தியானம் சுல்தான் முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"லாத்தா, இந்த மாசமும் மச்சான் பக்கம் வந்துருக்கு. நீ சொல்லவே இல்லயே?"

"எங்கே?"

"கடைசிப் பக்கத்துலதான். காதர் பாய் வாசிச்சாக. மீனத்துக்கு வரவு அதிகமாம். கெழக்கால போனா வெற்றியாம். வெள்ளிக்கெழமைக்குப் பொறவு துணிஞ்சு எறங்கலாமாம்."

"வேறே?"

"பொம்பளைகளால கொஞ்சம் நட்டமாம். அது ஒண்ணுமில்ல லாத்தா, கரையில மீனு எடுக்குற பொம்பளைக வெலயக் கொறைச்சுக் கேப்பாளுக. அதத்தான் மச்சான் சூசகமாச் சொல்றாக."

சிரித்திருக்க வேண்டும். அவர்கள் இருந்திருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பார்கள்.

நடந்தது இது. காற்றுப் பக்கத்தை எடுத்துவிட்டு ராசிபலன் போட்டிருக்கிறார்கள். புத்தகம் சின்னதாகிவிட்டது, இடம் போதவில்லை. மேஷம் முதல் கும்பம் வரை ஒரு பக்கம். மீனம் மட்டும் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அதாவது கடைசிப் பக்கத்துக்கு. மேலே மீன் படம், கீழே நாலு வரி. அதற்குக் கீழே கூந்தல் தைல விளம்பரம். எங்கள் தெருவில் ராசி பார்க்கிறவர் யார் இருக்கிறார்கள்? மீன் பத்திரிகையில், மீன் படத்துக்குக் கீழே மீனம் என்றிருந்தால், காதர் பாய்க்கு அது மீன்தான்.

சனிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுப் போகிறானாம். கிழக்கே, கரை கண்ணுக்கு மறைகிற தூரம், இரண்டு ராத்திரி தங்கி. புரட்டாசிக் கடைசியில் அவர்கள் அவ்வளவு தூரம் போனதே இல்லை. யாரையும் போகச் சொன்னதும் இல்லை.

"டேய், அது ராசிபலன்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். செப்டம்பரில் வந்தது பழசு. மச்சான் எதையும் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை. இனி ஒரு வரியும் வராது. இந்தக் கடைசி வரி என் வாயில் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சீயக்காய் மறந்துவிட்டான்.


அக்டோபர் 9, வெள்ளி

காற்று இல்லை. உப்புச் சாடி கசிந்திருக்கிறது.

இரவெல்லாம் ஒரே நினைப்பு. வத்தையை நினைத்தேன். அதில் சுல்தான் தலை தெரிந்தது. பயமா என்றால் பயம்கூட இல்லை. இன்னொரு மையத்துச் சந்தூக்கை இந்த வாசலில் இறக்கினால் நான் எந்தச் சுவரில் சாய்ந்து உட்காருவேன் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜும்மா முடிந்து வந்தவனிடம் பத்திரிகையைக் கேட்டேன்.

"காதர் பாய் அரைகுறையா வாசிச்சிருப்பார். கொண்டா, நான் வாசிக்கிறேன்."

முழங்காலைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். மீன் படம். நாலு வரி. முழங்கால் வரை முடி தொங்க ஒருத்தி. நான் வாசித்தேன், அந்தப் பக்கத்தில் இல்லாததை.

"கடலை நம்பிய சகோதரர்களுக்கு ஸலாம். மேலே நாலு வரியில் சொன்னது பொதுவாகச் சொன்னது. கோட்டைப்பட்டினத்துச் சகோதரர்கள் இந்த வாரம் இறங்க வேண்டாம். காற்று அடித்தால் பயமில்லை. அடிக்காமல் இருக்கிறதே, அதைத்தான் நம்பக் கூடாது. வத்தையை மேட்டில் ஏற்றி வையுங்கள். வலைக்கு வெயில் காட்டுங்கள்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. பாய்க் கயிறு நைந்திருக்கும், மாற்றுங்கள். பசியோடு கடலுக்குப் போகாதீர்கள். காய்ச்சல் வந்தால் கஷாயத்தை நம்பி வீட்டில் கிடக்காதீர்கள், அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கள். அக்கா தங்கச்சி இருந்தால் அவர்களுக்கு நீங்கள்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்னென்னவோ. நடுவில் ஒரு தடவை 'எழுதிட்டியா' என்றுகூட வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முடித்துப் பத்திரிகையை அவன் பக்கம் தள்ளினேன். சுல்தான் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தான்.

"சரி லாத்தா. ஏத்திர்றேன்."

போய்விட்டான்.


அக்டோபர் 10, சனி

வத்தையை ஏற்றிவிட்டானாம். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மீனத்தை நம்பி.

காற்று இல்லை. அடுப்புப் புகை நேராக மேலே போகிறது. நூல் பிடித்த மாதிரி.

நாள் முழுக்கப் புகையையே பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்தால் போதும் என்று இருந்தது. ஒரு சின்ன மழை, ஒரு வாடை. அப்புறம்தான் உறைத்தது. போனவர்கள் எல்லாம் யாருடைய தம்பிகள்? அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.


அக்டோபர் 11, ஞாயிறு

வெயில். மேகமும் கலைந்துவிட்டது.

சாயங்காலம் கரைப்பக்கம் ஒரே இரைச்சல். இரண்டு ராத்திரி தங்கப் போனவர்கள் ஒரே ராத்திரியில் திரும்பிவிட்டார்கள், வத்தையில் இடமில்லாமல். பாறை, சூடை, காரல், எல்லா மீனும். கடைத்தெருவில் உப்பு தீர்ந்துவிட்டதாம். இப்படி ஒரு மீன்பாடு இந்த வருஷத்தில் இல்லையாம்.

சுபைதா மாமி ஒரு பாறை மீன் கொண்டுவந்தார்.

"ஊரே அள்ளிக்கிட்டு வருது. ஒன் தம்பி மட்டும் வத்தைய மேட்டுல போட்டுட்டு அது நெழல்ல படுத்துக் கெடக்குது. டீக்கடையில என்ன பேசிக்கிறாக தெரியுமா? மரைக்காயர் கணக்கும் தப்புமாங்குறாக."

மீனைக் கழுவினேன். செதில் எடுத்தேன். மஞ்சள் தடவினேன். மரைக்காயர் கணக்கும் தப்புமா. அவர்கள் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்று நான் சொல்லவில்லை. தப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதமே 'போன மாதம் சொன்னது தவறு' என்று என்னை எழுதச் சொல்வார்கள். ஆனால் இது அவர்கள் தப்பில்லை. என் தப்பு அவர்கள் கபுர்க்குழி மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

முதல் தடவையாகக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. குழம்பு கரித்துப்போனது.


அக்டோபர் 12, திங்கள்

லேசாக வாடை. இன்றைக்கு!

காலையில் கார்டை எடுத்து எழுதினேன். அதிகம் இல்லை. 'செய்யது மரைக்காயர் ஜூலையில் மவுத்தாகிவிட்டார்கள். காற்றுப் பக்கம் இனி வராது. அட்டையில் துடுப்பு தலைகீழாக இருக்கிறது.'

சுல்தான் வந்ததும் தபால்பெட்டியில் போடச் சொல்லிக் கொடுத்தேன்.

"என்னா எழுதிருக்க?"

வாசித்துக் காட்டினேன். எழுதியிருந்ததை மட்டும். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் வாசித்தது அவர்கள் சொன்னதில்லை" என்றேன். "நானாகச் சொன்னது. போன மாதம் வந்ததும் பழசு. அவர்கள் ஒன்றும் சொல்லி வைத்துவிட்டுப் போகவில்லை, சுல்தான். டீக்கடையில் போய்ச் சொல்லு, தப்பினது மரைக்காயர் இல்லை, அவர் பெஞ்சாதி என்று."

அவன் முகம் மாறவில்லை.

"தெரியும் லாத்தா."

"என்ன தெரியும்?"

"அந்தப் பக்கத்துல ஒரு பொம்பள முடிய விரிச்சுப் போட்டு நின்னாள்ல. மச்சான் பக்கத்துல என்னைக்கி பொம்பளப் படம் வந்துருக்கு? அதுவும் போக, மொத்தமே நாலு வரி. நீ அசர் பாங்கு சொல்ற வரைக்கும் வாசிச்ச. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்."

"அப்புறம் ஏன்டா வத்தையை ஏற்றினாய்?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான் மவுத்தானதுலேருந்து நீ வாயே தொறக்கல. ம்ங்குற, அம்புட்டுதான். அன்னைக்கித்தான் ஆளு மாதிரி பேசுன. திட்டுன, புத்தி சொன்ன, கயித்த மாத்துன்ன. அத மீறிக் கடலுக்குப் போனா மறுக்காவும் ஊமையாயிருவியோன்னு இருந்துச்சு. அதுக்கு ஒரு பாடு போனாப் போவுது." பிறகு, "பொம்பளைகளால நட்டம்னு போட்டுத்தானே இருந்துச்சு" என்றான்.

பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தான்.

"இன்னொருக்கா வாசி."

"எதை?"

"அதையேதான்."

கடைசிப் பக்கம். மீன் படம், நாலு வரி, கூந்தல்காரி. கடலை நம்பிய சகோதரர்களுக்கு என்று தொடங்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சத்தமாக.

சுல்தான் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினான்.