ஓர் அளவு மருந்து மிச்சம்

இஞ்சாருங்கோ,

காலையில் இருந்து என் கை இரண்டிலும் மண்ணெண்ணெயும் தையல் மெசின் எண்ணெயும் மணக்கின்றன. சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் போகவில்லை. உங்கள் தோட்டா மெசினைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நெடுங்கேணியில் இருந்து ஒரு கமக்காரர் நாளைக்கு வந்து அதை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். அவருக்கும் துவக்கு லைசென்ஸ் இருக்கிறதாம், பன்றித் தொல்லையும் இருக்கிறதாம். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது, இரும்பு சும்மா கிடந்து துருப்பிடிக்கிறது, கொடுத்துவிடு என்று எல்லோரும் நச்சரித்தார்கள். சரி என்றுவிட்டேன். சொன்ன நேரம் தொட்டு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. துடைக்கிறேன், எழும்பிப் படலை வரைக்கும் போகிறேன், திரும்பி வந்து துடைத்த இடத்தையே துடைக்கிறேன். உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மெசினை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாங்குளத்தில் நிலம் அளக்கிற வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகிறார், பங்களாச் சாமான்களைக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனீர்கள். நல்ல கதிரை இரண்டு பார்த்துக் கொண்டுவாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பஸ் கூரையில் இருந்து நாலு பேர் பிடித்து இறக்கியது கதிரையை அல்ல, ஆட்டுக்கல்லைவிடப் பாரமான இந்த இரும்பை.

"கதிரை எங்கை?" என்று கேட்டேன்.

"இருக்கிறதுக்கு நிலம் கிடக்குத்தானே. இது தோட்டா அடிக்கிற மெசின், இஞ்சரும். கைபிடியை ஒருக்கா இழுத்தால் ஒரு தோட்டா" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். எனக்கு வந்த விசருக்கு மூன்று நாள் உங்களோடு கதைக்கவில்லை.

ஆனால் நீங்கள் செய்தது பிழை இல்லை. கண்டாவளைக்கு நாங்கள் வந்த புதிது. காடு வெட்டி வயலாக்கிய காணி. கதிர் முற்றுகிற நேரம் பார்த்துப் பன்றி கூட்டமாக இறங்கும். கடையில் தோட்டா இருந்தால் எங்களிடம் காசில்லை, காசு இருந்தால் கடையில் தோட்டா இல்லை. வெடித்த தோட்டாவின் வெறுங் கோதைத் திரும்ப நிரப்பினால்தான் பயிர் வீடு வந்து சேரும். கச்சேரிக்கு நாலு தரம் நடந்து அதற்கும் அனுமதித் துண்டு எடுத்தீர்கள்.

அதைப் பூட்டி ஓட வைக்கிறதற்குள் நாங்கள் பட்ட பாடு! குசினி நெருப்புக்கு எட்டாத இடம் என்று கிணற்றடிக்கு அப்பால் தனிக் கொட்டில் போட்டீர்கள். முதலில் மேசையில் பூட்டினீர்கள், மேசை ஆடியது. மேசை ஆடினால் வெடிமருந்து கூடிக் குறைந்து விழும் என்று முதிரை மரக் குற்றி ஒன்றை நிலத்தில் புதைத்து அதன் மேல் பூட்டினீர்கள். அந்த வட்டத் தட்டில் ஐந்து குழி. ஒவ்வொரு இழுப்புக்கும் தட்டு ஒரு குழி நகரும். ஒரு குழியில், மருந்தைப் பற்றவைக்கிற பழைய கேப்பு கழலும், அடுத்ததில் புதுக் கேப்பு ஏறும், பிறகு மருந்து, பிறகு தக்கையும் ஈயச் சன்னமும், கடைசியில் வாய் மடியும். ஆனால் தட்டோ ஒருநாளும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஒரு நெல்லளவு முந்தி நின்றுவிடும். இரண்டு கிழமை நீங்கள் அதைத் தட்டி, சுரண்டி, கடைசியில் துரையின் தாயையும் திட்டினீர்கள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். "ஸ்பிரிங் களைச்சுப்போச்சு. உங்களுக்கு இது விளங்கேல்லையே? என்ரை தையல் மெசினும் இப்பிடித்தான் ஒருக்கா நிண்டது" என்றேன். உங்கள் சைக்கிள் கரியரின் ஸ்பிரிங்கைக் கழற்றி, அளவுக்கு வெட்டி மாட்டினேன். தட்டு 'டக்' என்று வந்து நேரே நின்றது. நீங்கள் ஓரமாக நகர்ந்து, "இனி நீரே கைபிடியைப் பிடியும்" என்றீர்கள்.

அன்று தொட்டு அது என் மெசின். ஊருக்குத்தான் உங்கள் மெசின். கோழி இறகால் குழிகளைத் துடைக்கிறது, மாரிக்கு ஊதிப்போன காகிதக் கோதுகளை வெயிலில் பரப்புகிறது, எண்ணெய் விடுகிறது, மருந்து இருக்கிற பக்கம் எண்ணெய் படாமல் பார்க்கிறது எல்லாம் நான்தான். தையல் மெசின் எண்ணெய் முடிந்துபோச்சு என்று சண்டை பிடிக்கிறதும் நான்தான். நீங்கள் போட்ட கட்டளை இரண்டே இரண்டு. ஒன்று, தனிய இருந்து அடிக்கக் கூடாது. மற்றது, இடையில் எழும்பிப் போனால், தட்டில் நிற்கிற அவ்வளவு கோதையும் எடுத்துக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். "சந்தேகம் எண்டால் கொட்டும். மருந்து போனால் போகட்டும்" என்பீர்கள்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அறுவடைக்கு ஒரு கிழமைதான் இருந்தது. மூன்று நாளாகப் பன்றி இறங்கி, வாய்க்கால் பக்கத்து நெற்கதிர்களை உழுது போட்டிருந்தது. நீங்கள் கடைப்பக்கம் போயிருந்தீர்கள். வந்ததும் தோட்டா கேட்பீர்களே என்று நான் தனிய உட்கார்ந்தேன். இருபத்தைந்து கோது, அதற்கு அளந்த மருந்து. கைபிடியை இழுத்த பிறகு மருந்துக் கிண்ணத்தின் நாக்கைத் தனியாக ஒருக்காத் தட்ட வேண்டும், அப்போதுதான் மருந்து இறங்கும். பாதிக் கோது முடிந்த அளவில் கைபிடியை இழுத்தேன். அந்த நேரம் நாகு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு மிளகாய்க் கன்றுக்குள் பாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாக்கைத் தட்டினேனா, இல்லையா? தட்டியிருப்பேன் என்று நினைத்தேன். கொட்டவில்லை. அடுத்த இழுப்பை இழுத்துவிட்டேன்.

எல்லாம் அடித்து முடிந்தபோது கிண்ணத்தின் அடியில் ஓர் அளவு மருந்து மிச்சம் இருந்தது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்தென்று அளந்த மருந்தில் மிச்சம் எப்படி வரும்? நான் அதை யோசிக்கவில்லை. நான் குசினிக்காரி. உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி எடுத்து வேறாக வைக்கிற கை இது. மிச்சம் கண்டால் சந்தோசப்படத்தான் அதற்குத் தெரியும். பரவாயில்லை, ஒன்று மிஞ்சியது என்று டப்பாவில் திரும்பக் கொட்டினேன்.

நீங்கள் வந்து முற்றத்தில் நின்று தேத்தண்ணீர் குடித்தீர்கள். தோட்டா டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லாம் சரியே?" என்று கேட்டீர்கள்.

இதுதான் நான் சொல்ல வந்தது. அந்த நேரம் எனக்கு மாடு நினைவுக்கு வந்தது. நாக்கைத் தட்டினேனா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. சொன்னால் துணைக்கு ஆளில்லாமல் தனிய அடித்தது தெரியவரும், ஏசுவீர்கள், இனித் தொடாதையும் என்று மெசினைப் பறித்தாலும் பறிப்பீர்கள். இவ்வளவும் ஒரு நொடியில் ஓடிப்போனது. "ஓம்" என்றேன். நீங்கள் சைக்கிளில் ஏறிப் போனீர்கள்.

இரவுச் சோற்றுக்கு அரிசி களைய எடுத்தேன். வழக்கம்போல ஒரு பிடி எடுத்துச் சிரட்டையில் போட்டேன். போட்டவுடன் கை அப்படியே நின்றுவிட்டது. மிச்சம் என்றால் எங்கேயோ குறைந்திருக்கிறது! இருபத்தைந்தில் ஒன்று மருந்து இல்லாத தோட்டா. அது வெடிக்காது, கேப்பு மட்டும் பொரிந்து தக்கையைக் குழலுக்குள் பாதியில் தள்ளிவிட்டு நிற்கும். அதன் மேல் அடுத்த வெடி வைத்தால் துவக்கு உங்கள் முகத்துக்கு முன்னால் பிளக்கும்.

எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு வாய்க்கால் வரம்பால் ஓடினேன். பொழுது சாய்கிற நேரம். பாதி வழியில் ஒரு வெடி கேட்டது. நல்ல வெடி, முழுச் சத்தம். பிள்ளையாரே, அது நல்லது, இனி ஒரு வெடியும் வையாமல் பார் என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அது இன்னும் மோசம், மருந்தில்லாத தோட்டா வெடிச்சத்தம் போடாது.

வரம்பு திரும்பியதும் கண்டேன். துவக்கை மடித்து ஒரு கோதை எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததைப் போடுகிறீர்கள். முன்னால் கதிருக்குள் பன்றி நிற்கிறது. தூக்கித் தோளில் வைத்தீர்கள்.

"வெடி வையாதேங்கோ! ஐயோ, கீழை வையுங்கோ!"

நீங்கள் திரும்பினீர்கள். முகமெல்லாம் கோபம். "பின்னாலை நிண்டு கூப்பிடாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? பண்டி போகுது!"

"அதுக்குள்ளை அடைச்சிருக்கு! போனது மருந்தில்லாத தோட்டா!"

போட்டதைக் கழற்றிவிட்டு, நீளத் தடி ஒன்றை முறித்துக் குழல் வாயில் விட்டீர்கள். பாதியில் நின்றது. இன்னொரு தரம் விட்டுப் பார்த்தீர்கள். பிறகு வரம்பில் இருந்துவிட்டீர்கள்.

"பாம்பு சீறின மாதிரி ஒரு சத்தம். ஈரமாக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்றீர்கள். பிறகு, "எப்ப கண்டனீர்?"

"அரிசி களையேக்கை."

"கெட்டிக்காரி" என்றீர்கள்.

அந்தச் சொல் இருக்கிறதே, அது என்னைத் தின்றது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள், "என்ரை மனிசி ஓடி வந்திராட்டில் எனக்கு இண்டைக்கு முகம் இல்லை" என்று. தோட்டாவை அடித்தது யார் என்று ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. என்னை ஏசவும் இல்லை. மெசினையும் பறிக்கவில்லை. ஏசியிருந்தால் நான் அழுது எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். நீங்கள் புகழப் புகழ அந்த "ஓம்" என் வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் சட்டென்று ஓம் சொன்னதில்லை. கறிக்கு உப்புச் சரியே என்று கேட்டால், பொறுங்கோ, நக்கிப் பார்த்துச் சொல்லுறன். படலை பூட்டினீரே என்று கேட்டால், பொறுங்கோ, போய்ப் பார்த்திட்டு வாறன். "உம்மோடை ஒரு ஓம் வாங்கிறதுக்குள்ளை விடிஞ்சுபோடும்" என்று நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். ஏன் இப்படி ஆனேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டீர்களோ என்று இப்போது தோன்றுகிறது. அதை யாரிடம் போய்க் கேட்பேன்?

பெரியாஸ்பத்திரியில் அந்தக் கடைசிப் பின்னேரம் என் கையைப் பிடித்தீர்கள். மூச்சு வாங்கியது. "இஞ்சரும், எல்லாம் சரியே?" என்று கேட்டீர்கள்.

கேட்டது எதை என்றுகூட நான் யோசிக்கவில்லை. உடம்பு வருத்தத்தையோ, வயலையோ, என்னையோ. வாயில் வந்தது பழகிய சொல்தான். "பொறுங்கோ, டாக்குத்தரைக் கேட்டிட்டு வந்து சொல்லுறன்" என்று கையை விடுவித்துக்கொண்டு நடந்தேன். விறாந்தையின் மற்ற அந்தத்தில் அவர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காத்து நின்றேன்.

திரும்பி வந்தபோது நேர்ஸ் பிள்ளை உங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தா. நான் குனிந்து, காதோடு காதாக, ஓம் என்றேன். அந்தப் பிள்ளை விளங்காமல் என்னைப் பார்த்தா. அவவுக்கு முன்னாலேயே இன்னொரு தரமும் சொன்னேன்.