நூறு ஃபாரன்ஹீட்டும் வெள்ளை அரளியும்

14-6-86
பண்ணைக்குப் புதுசாகக் குஞ்சு பொரிக்கும் மெஷின் வந்துவிட்டது. பழையதை நூறு ஃபாரன்ஹீட்டில் வைத்தால் போதும். இது சென்டிகிரேடாம். எத்தனையில் வைப்பது என்று அப்பாவும் அண்ணனும் முழிக்கிறார்கள். சேலத்தில் கம்ப்யூட்டர் படிக்கிற நான் எதற்கு இருக்கிறேன்? புரோகிராம் எழுதி விடை கொண்டுவருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். காகிதத்திலேயே போடலாம். ஆனால் படிப்பை நிறுத்திச் சங்ககிரி லாரிக்கார மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கப் பேச்சு நடக்கிறது. படிப்பின் பெருமையை வேறு எப்போது காட்டுவது?

16-6-86
82.2.
அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, “குஞ்சு வேணுமா, அவிச்ச முட்டை வேணுமாங்க?” என்று அப்பாவைக் கேட்டான். அப்பா சிரிக்கவில்லை. “இதுக்குத்தான் தெனமும் பஸ் ஏறிப் போறியா சாமி?” என்றார்.
அதுதான் சுட்டது.

17-6-86
ஒரே ஒரு அடைப்புக்குறி! முதலில் 32-ஐக் கழி என்று அடைப்புக்குறி போட்டுச் சொல்லாததால், அந்த மடப் பெட்டி பெருக்கி வகுத்த பிறகு கழித்திருக்கிறது. போட்டதும் 37.8. கையால் போட்டாலும் அதேதான்.

18-6-86
இனி யார் நம்புவார்கள்? அண்ணன் நாற்பது என்கிறான். ஏனாம்? ரவுண்டாக இருக்கிறதாம். நாற்பதை ஃபாரன்ஹீட்டுக்குத் திருப்பிப் போட்டால் 104 வருகிறது. அவ்வளவு காய்ச்சல் நமக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம்.
மாரியாத்தாவிடம் பூக் கேட்டுவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். வெள்ளை வந்தால் 37.8, சிவப்பு வந்தால் நாற்பது. பூவுக்கு ஒன்றாக இரண்டு பொட்டணம் கட்டுவது நான். ஆத்தா எந்தக் காலேஜில் கணக்குப் படித்தாள்?

20-6-86
பூசாரி அம்மன் காலடியில் இரண்டு பொட்டணத்தையும் உருட்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.
இன்னொன்றைப் பிரிப்பது வழக்கமில்லை. நல்ல வழக்கம். அதிலும் வெள்ளைதான் இருந்தது. மூவாயிரம் முட்டை, நான் வேறென்ன செய்ய? ஆத்தா கோபித்தால் என்னோடு போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது.

11-7-86
பொரிந்துவிட்டது! பண்ணை முழுக்கக் கீச்சுக் கீச்சு. “ஆத்தா வாக்குப் பொய்க்குமாங்க?” என்று வருகிறவர்களிடமெல்லாம் அப்பா கண் கலங்குகிறார். என் புரோகிராமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயிறு எரிகிறது.

13-7-86
சங்ககிரிக்காரர்கள் முடிவு கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் அப்பா பூக் கேட்கப் போகிறாராம். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். “உன்ற கை ராசியான கை. பொட்டணத்த நீயே கட்டு சாமி” என்றார்.
இரண்டு நிறத்திலும் அரளி பறித்து வரச் சொல்லி அம்மாவை அனுப்பினேன். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.
தட்டு நிறையப் பூ. ஒன்றுகூடச் சிவப்பில்லை.